கொழும்பில் கையால் கிரிக்கெட் மட்டை செய்யத் தொடங்குகிறீர்களா? எதை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

நான் விற்கவென்று செய்த முதல் ஆறு மட்டைகள் இன்னும் வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில் சாய்ந்து நிற்கின்றன. விற்க முடியாது, எறியவும் மனமில்லை. மரம் நல்ல மரம்தான். வேலையை யாரிடம் எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்று தெரியாமல் கொடுத்ததுதான் பிழை. அதோடு சுங்கத்தில் ஒரு இழுபறி, எண்ணெயில் ஒரு இழுபறி. நீங்களாவது அந்தச் செலவில்லாமல் தொடங்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

வருடத்துக்கு 12 முதல் 50 கடினப்பந்து மட்டைகள் வரை செய்து, தெரிந்த கழகங்களுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் விற்க நினைப்பவர்களுக்கானது இது. தொழிற்சாலை போடுபவருக்கு வேறு கணக்கு.

1. மரத்தை எந்த நிலையில் வாங்குவது?

கடினப்பந்து மட்டைக்கான மரம் இங்கிலிஷ் வில்லோ. அது நம் மண்ணில் வளராது. எசெக்ஸ், சஃபோக் பக்கத்து ஈர நிலங்களில் வளர்ந்து, அங்கேயே பிளந்து உலர்த்தப்பட்டு வருகிறது. அதை மூன்று நிலைகளில் வாங்கலாம்.

முதலாவது கிளெஃப்ட். பிளந்து உலர்த்திய வெறும் கட்டை. இதை வாங்கினால் முகத்தை, அதாவது பந்து படும் பக்கத்தை, பிரஸ்ஸில் அழுத்த வேண்டும், 'வி' வடிவில் வெட்டிக் கைப்பிடியைப் பொருத்த வேண்டும். வில்லோ மென்மையான மரம். சரியாக அழுத்தாவிட்டால் பந்து பட்ட இடமெல்லாம் குழி விழும். மிதமிஞ்சி அழுத்தினால் அடி செத்துப்போகும், பந்து போகாது. அந்த பிரஸ் இயந்திரம் சும்மா வாங்கிப் போடுகிற சாமான் இல்லை.

இரண்டாவது பார்ட்-மேட். அழுத்தி, பிரம்புக் கைப்பிடி பொருத்தி, உடல் மட்டும் செதுக்காமல் தடித்த கட்டையாக வருவது. இங்கிலாந்திலும் கிடைக்கும், இங்கிலிஷ் வில்லோவை இறக்கி வேலை செய்யும் மீரட், ஜலந்தர் பட்டறைகளிலும் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். நீங்கள் செய்யும் முதல் வெளிவேலை ஒப்படைப்பே இதுதான்: அழுத்துவதையும் கைப்பிடியையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுகிறீர்கள்.

மூன்றாவது முடித்த மட்டையை வாங்கி உங்கள் ஸ்டிக்கரை ஒட்டுவது. அது வியாபாரம், தப்பில்லை. ஆனால் அதைக் 'கையால் செய்தேன்' என்று சொல்லாதீர்கள். கொழும்பு கிரிக்கெட் உலகம் மிகச் சின்னது. பொரளை ஓவல் வலைப்பயிற்சியில் சொன்ன பொய் அன்று மாலையே வெள்ளவத்தைக்கு வந்துவிடும்.

காஷ்மீர் வில்லோ மலிவாயிற்றே, அதன் கட்டையை இறக்கலாமே என்று நானும் அலைந்தேன். கச்சாக் கட்டையை அந்தப் பிரதேசத்துக்கு வெளியே கொண்டுபோக 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. முடித்த மட்டையாகத்தான் கிடைக்கும். 'காஷ்மீர் கிளெஃப்ட் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. கிரேட் 1, 2, 3 என்பது பெரும்பாலும் பார்வைக்கான பிரிப்பு: நேரான ரேகை, வெள்ளை நிறம், கறை இல்லாமை. ஓரத்தில் சிவந்த பட்டையோடு வரும் கிரேட் 3 கட்டை பல வேளைகளில் அருமையாக அடிக்கும். முதல் பொதியில் கிரேட் 1 வாங்கி அதில் செதுக்கப் பழகுவது, பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வெள்ளையடிக்கப் போகிற மாதிரி.

2. பத்திரங்கள்

வரிசை முக்கியம். மாறி மாறிச் செய்தால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதன் கடிதத்தைக் கேட்கும்.

முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவு. தனி ஆளாகத் தொடங்கினால் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள். தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவை கையில் இருக்கட்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எனக்கு அதிக நாள் தின்றது இதுதான். 'மரவேலை' என்ற சொல்லைக் கண்டதும் வீட்டுக்காரர் பின்வாங்கினார். 'விளையாட்டுப் பொருள் செதுக்குதல், கைக்கருவிகள் மட்டும்' என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து வந்தது.

அடுத்தது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்), வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு. டின் இல்லாமல் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிய முடியாது. பட்டறை கொழும்பு எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் பற்றிக் கேளுங்கள். இயந்திர வாளோ பெல்ட் சாண்டரோ வைக்கப் போகிறீர்கள் என்றால், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படுமா என்பதையும் அதே மேசையில் கேட்டுவிடுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் அந்த யோசனையையே விடுங்கள். தூள் பக்கத்து வீட்டுக் கொடியில் போய்ப் படியும் நாளில் முறைப்பாடும் வரும்.

உங்கள் மட்டைக்கு ஒரு பெயர் வைத்தால் வியாபாரக் குறியாகப் பதியலாம். தேசிய புலமைச் சொத்து அலுவலகம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில், சமாகம் மெதுர கட்டடத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பொருட்கள் 28ஆம் வகுப்பு. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இதை முதல் மாதமே செய்யத் தேவையில்லை. ஸ்டிக்கர் அடிக்கக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயர் வேறொருவருக்கு இல்லை என்பதை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் அடித்து, 200 ஸ்டிக்கரைக் குப்பையில் போட்டேன்.

3. இறக்கும்போது காசு எங்கே ஒழுகும்?

மரம் என்பதால் தாவரத் தடுப்புக்காப்புப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. கட்டுநாயக்கவில் உள்ள அந்த அலுவலகத்தில், ஓடர் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் பொருளின் படத்தைக் காட்டி இறக்குமதி அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். வெறும் கிளெஃப்ட்டுக்கும், கைப்பிடி பொருத்தியதற்கும் பதில் வேறாக இருக்கலாம். அனுப்புகிறவரிடம் அந்நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேளுங்கள். பொதி கிளம்பிய பிறகு அதைத் தேடுவது வீண். மரப்பெட்டியில் அனுப்ப விடாதீர்கள். மரப் பொதிக்கு வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எவ்வளவு சுத்தமானாலும் வழக்குத்தான். அட்டைப்பெட்டி போதும்.

அடுத்தது சுங்க வகைப்பாடு. மரம் 44ஆம் அத்தியாயம், விளையாட்டுப் பொருள் 95ஆம் அத்தியாயம். பார்ட்-மேட் எதில் சேரும்? முடிக்காத பொருளுக்கு முடித்த பொருளின் அடிப்படைத் தன்மை வந்துவிட்டால் அது முடித்த பொருளாகவே வகைப்படும் என்பது சர்வதேச விதி. கைப்பிடி பொருத்திய கட்டையைப் பார்த்தால் யாருக்கும் மட்டை என்றுதான் தோன்றும். ஆனால் என்னுடைய விலைப்பட்டியலில் அனுப்பியவர் 'மரத்துண்டுகள்' என்று எழுதியிருந்தார். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு டிஃபென்ஸ் ஆடிக் காட்டிவிட்டு, 'இதுவா மரத்துண்டு?' என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. திருத்திய விலைப்பட்டியல் வர ஒன்பது நாள் ஆயிற்று, களஞ்சியக் கூலி என் தலையில். ஆகவே விலைப்பட்டியலில் 'செதுக்கி முடிக்காத கிரிக்கெட் மட்டை, இங்கிலிஷ் வில்லோ, பிரம்புக் கைப்பிடியுடன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

வற் வரி 18 சதவீதம். அதைப் பொருளின் விலையில் மட்டும் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். பொருள் விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்து 100,000 ரூபா என்று வைப்போம். அதோடு 10 சதவீதம் கூட்டி 110,000 ரூபாவுக்குத்தான் வற் பார்க்கப்படும். அதுவே 19,800 ரூபா. தீர்வையும் மற்ற அறவீடுகளும் இருந்தால் அவையும் அந்த அடித்தொகையில் ஏறும், வற்றும் கூடும். அந்த வீதங்கள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுவதால், ஓடர் கொடுக்கும் வாரத்தில் உங்கள் வாஃப் கிளார்க்கிடம் (சுங்கத்தில் பொருளை விடுவித்துத் தரும் முகவர்) எழுத்தில் கணக்குக் கேளுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம்.

கூரியரில் எடுத்தால் பெட்டியின் அளவைப் பாருங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். அதுவும் உண்மையான நிறையும் எது கூடவோ அதற்குத்தான் காசு. 12 பார்ட்-மேட்டை இறுக்கி 95×35×30 பெட்டியில் அடைத்தால் 20 கிலோ. அதையே 100×45×40 பெட்டியில் தளதளவென்று போட்டால் 36 கிலோ. காற்றுக்கு 16 கிலோ கூலி! கப்பலில் பகிர்ந்த கொள்கலனில் வந்தால் கூலி மலிவாகத் தெரியும். இங்கே டெலிவரி ஓடர், கையாளுகை என்று தனித்தனியாக வரும். ஐந்தாறு டசினுக்குக் குறைவாக எடுப்பவர்கள் கூரியர் விலையோடு ஒப்பிட்ட பிறகே தீர்மானியுங்கள்.

காசை வங்கி வழியாகவே அனுப்புங்கள். முற்பணம் அனுப்பினால் பிற்பாடு பொருள் வந்ததற்கான சுங்கப் பத்திரங்களை வங்கி கேட்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

4. கட்டை வந்த அன்று செதுக்காதீர்கள்

உலர்ந்த வில்லோ கொழும்புக் காற்றைக் குடிக்கும். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு கட்டைக்கும் கைப்பிடித் தோளில் பென்சிலால் இலக்கம் போட்டு, நிறை எழுதுங்கள். சீமெந்துத் தரையில் வைக்காமல், சுவரில் பலகை அடித்துக் கிடையாக அடுக்குங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி நிறுங்கள். நிறை நின்ற பிறகுதான் உளி. என்னிடம் ஒரு கட்டை அந்த நாட்களில் மட்டும் 20 கிராம் ஏறியது.

அதே நாளில் குறையையும் தேடுங்கள். கைப்பிடி முகத்தோடு நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். 'வி' பொருத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா? மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் காதை வையுங்கள். நல்ல பொருத்து 'டொக்' என்று ஒரே சத்தமாக முடியும், தளர்ந்தது பின்னால் ஒரு 'கிறுக்'கை விடும். படம் எடுத்து அன்றைக்கே அனுப்பியவருக்கு அனுப்புங்கள். செதுக்கத் தொடங்கிய கட்டைக்கு யாரும் பதில் கட்டை தரமாட்டார்கள்.

5. எதை வெளியே கொடுப்பது?

என் ஆறு மட்டைகளின் கதை இங்கேதான். ஆறு பார்ட்-மேட்டையும், மாதிரிக்கு ஒரு நல்ல மட்டையையும் எடுத்துக்கொண்டு மொறட்டுவைக்குப் போனேன். தளபாட வேலையில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. பட்டறை பாஸ் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'மல்லி, இது பஞ்சு மாதிரி இருக்கே!' தேக்கும் மகோகனியும் தள்ளிய கை. வில்லோ அவருக்கு மரமாகவே தெரியவில்லை. நான்கு நாளில் ஆறும் வந்தன. பளபளவென்று, கண்ணாடி மாதிரி. பெல்ட் சாண்டரில் பிடித்திருக்கிறார்கள். முகத்தில் இருக்க வேண்டிய லேசான வளைவு போய்விட்டது. அழுத்தி இறுக்கியிருந்த மேற்பரப்பில் ஒரு தோல் உரிந்துபோயிற்று. ஆறும் ஒரே வடிவம், ஆனால் நிறை 60 கிராம் வரை வித்தியாசம். ஒவ்வொரு கட்டையின் அடர்த்தியும் வேறு என்பதால் ஒரே அச்சில் வெட்டினால் ஒரே நிறை வராது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கே அன்று தெரியாது.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் பிரிப்பு இது.

வெளியே கொடுக்கலாம்: அழுத்துதல், கைப்பிடி பொருத்துதல், ஸ்டிக்கர் அச்சு, மட்டை உறை தைத்தல், கைப்பிடிக்கு நூல் சுற்றுதல். நூல் சுற்றக் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் எந்தப் பட்டறையும் போதும்; இழுவை தளராமல், நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றச் சொல்லுங்கள்.

பாதி கொடுக்கலாம்: முதுகுப் பக்கத்தின் பெரிய கழிவை அகற்றுதல். கோடு போட்டுக் கொடுத்து, கோட்டுக்கு 5 மி.மீ. வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். முகத்தைத் தொடவே கூடாது. முகத்தில் தடித்த டேப் ஒட்டிக் கொடுப்பது என் வழக்கம். டேப் கிழிந்து வந்தால் கூலியில் கழிப்பேன் என்று முதலே பேசிவிடுவேன்.

கொடுக்கவே கூடாது: கடைசி வடிவம், நிறை, சமநிலை. விளையாடுபவன் உங்களிடம் காசு கொடுத்து வாங்குவது இந்த மூன்றைத்தான்.

யாரிடம் கொடுத்தாலும் கட்டையோடு ஒரு வேலைச்சீட்டு போகட்டும். கட்டை இலக்கம், போன நிறை, வந்த நிறை, செய்ய வேண்டிய வேலை, தொடக் கூடாத இடம், கூலி, திகதி. முதலில் இரண்டே கட்டை கொடுத்துப் பாருங்கள். கூலியில் கால்பங்கைப் பரிசோதனை முடியும் வரை பிடித்து வையுங்கள். வாங்கும்போது பற்றுச்சீட்டில் அதையும் எழுதுங்கள். முகத்துக்கு முன்னால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஆறு மட்டையைப் பின்னறையில் வைத்துப் பார்ப்பதைவிடச் சங்கடமில்லை.

6. செதுக்குதல், அளவு

புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் பாதிக் கருவிகள் கிடைத்துவிடும்: சின்னச் சீவுளி, அரைவட்ட அரம், மரராவி, 80 முதல் 400 வரை சாண்ட்பேப்பர். இரு கைப்பிடி இழுப்புக்கத்தி மட்டும் தேட வேண்டியிருக்கும். தூள் முகமூடியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விதி அளவுகள் தலைக்குள் இருக்கட்டும். நீளம் 965 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அகலம் 108, ஆழம் 67, விளிம்பு 40. கைப்பிடி மொத்த நீளத்தில் 52 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக் தகட்டில் இந்த அளவுக்கு ஒரு துவாரம் லேசரில் வெட்டி வாங்குங்கள். மட்டை அதற்குள் நுழைந்து வர வேண்டும். விளிம்பை 39இல் நிறுத்துங்கள். கொழும்பு ஈரத்திலும் தட்டிப் பழக்குவதிலும் மரம் கொஞ்சம் ஊதும்.

நிறையில் எல்லோரும் விழும் குழி ஒன்று. வாடிக்கையாளர் இரண்டு றாத்தல் ஒன்பது அவுன்ஸ் கேட்டார் என்றால் அது 1,162 கிராம். நீங்கள் வெறும் மரத்தையே அந்த நிறைக்குச் செதுக்கினால் முடிந்தது கதை. ரப்பர் கிரிப் மட்டும் 50 கிராமுக்குக் கிட்ட வரும். ஸ்டிக்கர், முகத்தாள், அடிநுனிக் காப்பு எல்லாம் அதற்கு மேல். நான் 1,075 கிராமில் கையை நிறுத்துவேன். கடைசி 30 கிராமைச் சீவுளியால் எடுக்காமல் சாண்ட்பேப்பரால் எடுங்கள்.

முதல் மட்டைக்கு எனக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. இருபதாவது மட்டை ஐந்து மணித்தியாலம்.

7. எண்ணெயும் தட்டலும்

ஹார்ட்வெயார் கடையில் 'லின்சீட் ஒயில்' என்று கேட்டால் பெயின்ட்டுக்கான கொதித்த எண்ணெயைத் தூக்கித் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது பச்சை எண்ணெய். போத்தலில் வாசித்து வாங்குங்கள். முகம், விளிம்பு, அடிநுனி ஆகியவற்றில் மெல்லிய பூச்சு, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தரம். 'வி' பொருத்தில் படக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

மரச்சுத்தியலால் ஆறு மணித்தியாலமாவது தட்டிப் பழக்க வேண்டும். இதை வெளியே கொடுக்கலாம். கழகத்தில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள். மணிக்கணக்குக் கூலி வேண்டாம், மட்டைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். விளிம்பை நேராக அடிக்கக் கூடாது, சாய்த்துத்தான் என்பதை ஒரு தரம் செய்து காட்டுங்கள்.

8. விலை போடுவது

பன்னிரண்டு கட்டை வாங்கினால் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். ஒன்றில் கைப்பிடி கோணும், ஒன்றில் உங்கள் கை நழுவும். பத்தால் வகுங்கள். கட்டை விலை, கூலி, வரி, வாஃப் கிளார்க், வெளிவேலை, கிரிப், ஸ்டிக்கர், எண்ணெய், முச்சக்கரவண்டி எல்லாம் கூட்டி பத்தால் வகுத்தபின், உங்கள் மணித்தியாலத்தையும் போடுங்கள். என் முதல் பொதியில் கட்டைக்குக் கொடுத்த காசு மொத்தச் செலவில் பாதிதான். மீதிப் பாதியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பெரிய கொம்பனி ஸ்டிக்கரை உங்கள் மட்டையில் ஒட்டித் தரச் சொல்வார்கள். விலை இரட்டிப்பாகும் என்றும் ஆசை காட்டுவார்கள். வேண்டாம், அது சட்டப்படி குற்றம். 'கட்டை இறக்குமதி, வடிவம் கொழும்பில் கையால்' என்று சின்னதாக அச்சடித்து ஒட்டுங்கள்.

9. காலக்கணக்கு

பாடசாலைகளின் பெரிய போட்டிகள் மார்ச்சில். பிள்ளைகள் மட்டை தேடுவது அதற்கு மாதங்கள் முன்பே, பருவம் தொடங்கும் செப்டெம்பரை ஒட்டி. அப்படியானால் மே மாதம் ஓடர், ஜூலைக்குள் கட்டை கையில், ஓகஸ்டில் செதுக்கல். ஒக்டோபர் மழையில் பசையும் எண்ணெயும் காய மறுக்கும் நேரத்தில் அவசர வேலை ஏற்காதீர்கள்.

மட்டை திரும்பி வரும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். விற்கும்போதே பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்: கைப்பிடிப் பொருத்து ஆறு மாதத்துக்குள் விட்டால் என் செலவு, ஈரப்பிட்சில் ஆடி அடிநுனி வீங்கினால் உங்கள் செலவு. கைப்பிடி மாற்றத் தெரிந்த ஒரு கையை முதல் மட்டை விற்பதற்கு முன்பே தேடி வையுங்கள். பழைய பசையைச் சுரண்டி, புதுப் பிரம்பை இறக்கி, கிளாம்ப் போட்டு ஒரு முழு நாள் விட வேண்டும், பிறகு நூல், பிறகு கிரிப். ஒரு வாரம் கேளுங்கள். சனிக்கிழமை மட்ச் இருக்கிறது அண்ணா என்று கெஞ்சினால், பின்னறையில் இருக்கும் ஆறில் ஒன்றை இரவல் கொடுத்து அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.